அதிருமலைக்கு அப்பால்

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர் இருவர் எங்கே சந்தித்தாலும் பேச்சு விரைவில் ஊரைத் தொட்டுவிடும். ஊரைத் தொட்டதும் அடுத்து வருவது ஆறு. ஆற்றை அடுத்து மலை. டில்லியின் கரோல்பாக்கிலும் சரி, மும்பையின் மாதுங்காவிலும் சரி, இந்த வரிசை மாறுவதில்லை. திருநெல்வேலிக்காரர் என்றால் ஆறு தாமிரபருணி, மலை பொதிகை. ஆனால் பொதிகை நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று. தஞ்சாவூர்க்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் அதைத் தம் மலையாகவே கருதுவர். அகத்தியர் அமர்ந்த மலை, தென்றல் பிறக்கும் மலை, தமிழ் வளர்ந்த மலை என்று பள்ளிப் பருவத்திலேயே நெஞ்சில் பதிந்துவிட்ட பெயர் அல்லவா அது!

அந்த மலையின் உச்சியை மிதிக்க விரும்புகிறவர், இன்று திருநெல்வேலிக்குப் போய்ப் பயனில்லை. திருவனந்தபுரத்துக்குத்தான் வர வேண்டும். உச்சிக்குச் செல்ல அனுமதியுடன் திறந்திருக்கும் வழி, கேரளத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. மலையாளிகள் அதற்கு இட்டிருக்கும் பெயர் அகஸ்தியர்கூடம். நாம் பொதிகை என்று சொல்வதும் அவர்கள் அகஸ்தியர்கூடம் என்று சொல்வதும் ஒரே மலைத்தொகுதியைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கும் அதன் கூம்பிய சிகரம், கேரள மாநிலத்தின் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கியது.

மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் நான், திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பின்பு, இந்த மலைமேல் ஒரு பகல் முழுதும் நடந்துவரும் வாய்ப்பைப் பெற்றேன். அந்த நடையைப் பற்றியும், நடக்கும்போது மனத்தில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியும் இன்று சில சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கேள்வி மிக எளியது: இந்த மலை யாருடையது?

பழைய நூல்களைப் புரட்டினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்று தோன்றும். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் இமயத்தையும் பொதியத்தையும் ஒருசேர வைத்துப் பாடுகிறார். அவர் வாழ்த்துவது சேர மன்னன் உதியன் சேரலாதனை. பொதியிலை ஆண்டவன் என்று சங்கப் பாடல்கள் குறிக்கும் ஆய் அண்டிரனோ ஒரு வேள். அந்த ஆய் மரபில் வந்தவராகச் சொல்லப்படும் மன்னர்கள், பிற்காலத்தில் மலையின் மேற்கே கடற்கரையில் ஆட்சி செலுத்தினர். இன்று பெருந்துறைமுகம் எழுந்திருக்கும் விழிஞம், ஒன்பதாம் நூற்றாண்டில் அவர்களுடைய துறைமுகமாக விளங்கியது. பௌத்தர்களும் இம்மலையைத் தம்முடையதாகக் கண்டனர். அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கற்றார் என்று கூறுகிறது பதினோராம் நூற்றாண்டு இலக்கணமாகிய வீரசோழியம். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறிப்பிடும் போதலக மலை பொதிகையே என்று கருதும் அறிஞர் உளர். திபெத்தின் லாசா நகரத்து மாபெரும் அரண்மனை போதலா என்று பெயர் பெற்றது, அந்த மலையின் நினைவாகவே. சேரனும் வேளும் புத்தரடியாரும் சித்தர்களும் உரிமை கொண்டாடிய மலைக்கு ஒரே ஒரு சொந்தக்காரரைத் தேடுவது எளிதன்று.

ஆனால் அரசாங்கங்களுக்கு எல்லைக்கோடு வேண்டும். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே வேலிபோல் நின்ற இந்த மலைமுகடு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்ட பின்பு கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் எல்லையாயிற்று. காட்டுக்கு அந்தக் கோடு தெரியாது. அதனால்தான் இரு மாநிலக் காடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பை அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று இந்திய அரசு அறிவித்தது. மேற்கே நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி ஆகிய சரணாலயங்களும், கிழக்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் அதில் அடங்கும். 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டது. உயர்வகைத் தாவரங்கள் மட்டும் 2,254 இனங்கள் இங்கு உண்டென்றும், அவற்றுள் சுமார் 400 இனங்கள் இந்நிலத்துக்கே உரியவை என்றும் அந்நிறுவனத்தின் குறிப்பு கூறுகிறது.

மலை ஏறுவதற்கு ஆண்டு முழுதும் இசைவு கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்களே வழி திறந்திருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேருக்குத்தான் வனத்துறை சீட்டு வழங்குகிறது. பிளாஸ்டிக் பொருள்கள், மது, புகையிலை ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. பூசைச் சாமான்களுக்கும் தடை உண்டு. வழிகாட்டியின்றி ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இம்மலையின் பழங்குடிகளாகிய காணி மக்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போணக்காடு வரும். வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆலை ஓய்ந்து கிடக்கிறது. தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் மரங்களாக வளர்ந்து நிற்கின்றன. அங்கிருந்து முதல் நாள் நடை; காட்டுக்குள் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இரவு அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏறி, முகாமுக்கே திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் இறக்கம். நடுவில் உள்ள அந்த ஒரு நாள் நடைக்காகத்தான் மற்ற இரண்டு நாள்களும்.

முதல் நாள் வழியில் எனக்கு மிகுந்த இன்பம் அளித்தவை பெயர்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்குக் காட்டிலும் அகராதி வேலைதான் போலும். கரமனையாற்றைக் கடந்தோம். அடுத்து அட்டையாறு. இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. காலைப் பார்த்தாலே போதும், அட்டை ஒட்டியிருக்கும். பின்பு முட்டிடிச்சான் என்ற ஏற்றம். ஏறும்போது முழங்கால் முட்டி நெஞ்சில் இடிக்குமாம், இடித்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையே இல்லாத வழி இது என்று மகிழ்ந்துகொண்டு வந்தேன். அதிருமலை வந்ததும் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு சிறு தடை ஏற்பட்டது. எங்களோடு வந்த தமிழர் ஒருவர், “அதிரும் மலையா? நிலநடுக்கம் உண்டோ?” என்று கேட்டார். மலையாளத்தில் ‘அதிர்’ என்றால் எல்லை. அதிருமலை என்பது எல்லைமலை. ஒரே எழுத்துகள், தமிழன் காதில் நடுக்கம், மலையாளி காதில் வரப்பு. எல்லை என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியவர் பலர் இருக்க, அவர் ஐயப்பட்டதிலும் ஒரு பொருள் உண்டென்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக் கேட்டவர் அம்பாசமுத்திரத்துப் பக்கத்துப் பெரியவர். வயது அறுபதைக் கடந்திருக்கும். இளமையில் பாபநாசத்து வழியாகக் கூட்டத்தோடு இந்த மலைக்கு வந்ததாகச் சொன்னார். இப்போது அந்த வழி இல்லாததால் திருவனந்தபுரம் சுற்றி வந்திருக்கிறார். பையில் பச்சரிசியும் வெல்லமும் கற்பூரமும் வைத்திருந்தார். புறப்படும் இடத்தில் நடந்த சோதனையில் கற்பூரம் வெளியே எடுக்கப்பட்டது. எடுத்தவர் மரியாதையாகத்தான் எடுத்தார். பெரியவருக்கோ முகம் வாடிவிட்டது. அன்று இரவு முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

“தம்பி, எங்க ஆத்துக்குத் தாய்வீடு இது. தாய்வீட்டுக்குப் போறதுக்கு எவனாவது சீட்டு வாங்குவானா? கற்பூரம் கொளுத்த இன்னொருத்தன் உத்தரவு வேணுமா?”

“அண்ணாச்சி, காடு தீப்பிடிக்கும் என்றுதானே தடுக்கிறார்கள்” என்றேன். அது உண்மையே. ஜனவரி கழிந்தால் மலைமேற் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். பெரியவருக்கு இது தெரியாததன்று. அவர் கேட்டது தீயைப் பற்றியும் அன்று. உரிமையைப் பற்றிக் கேட்டார். நம்முள் பலர் இந்தக் கேள்வியை வேறு வேறு ஊர்களில் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம். அதனால் நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். முகாமிலிருந்து உச்சி ஆறு கிலோமீட்டர். முதலில் ஈற்றைக் காடு. மூங்கில் இனத்தைச் சேர்ந்த இந்த ஈற்றை யானைக்கு விருப்பமான உணவு. வழியில் சாணம் புதிதாகக் கிடந்த ஓரிடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். நாங்கள் இருபது பேரும் மூச்சை அடக்கி நின்றோம். சற்று நேரம் காற்றை மோந்துவிட்டு மீண்டும் நடந்தார். அடுத்துப் பெருமரக் காடு. வெடிப்பலா மரத்தின் முள்நிறைந்த காய்களைப் பிய்த்துத் தின்னும் சிங்கவால் குரங்குகள் கிளைகளில் தாவின. பாறை விளிம்புகளில் மெலிந்து உயர்ந்து நின்றது வரைக்கமுகு என்னும் காட்டுப் பாக்கு. மலைச்சரிவில் எங்கோ மஞ்சள் நிறப் பூவுடைய ஒரு தரை ஆர்க்கிட் செடி உண்டு. 1865-இல் கர்னல் டுரூரி என்ற ஆங்கிலேயர் இம்மலையில் கண்டெடுத்ததால் அவர் பெயரையே அது பெற்றது. பின்பு நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று எண்ணப்பட்டு, 1972-இல் மீண்டும் இங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. பூந்தோட்டப் பிரியர்கள் பிடுங்கிச் சென்றதே அது அருகியதற்கு ஒரு காரணம் என்பர். அது எங்கே பூக்கிறது என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சிரித்தார், சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1987 டிசம்பரில் தாவர அறிஞர் பி. புஷ்பாங்கதனும் அவருடைய குழுவினரும் இந்தக் காடுகளில் ஆய்வுக்காக ஏறினார்கள். அறிவியலார் இளைத்துப் போனார்கள். கூட வந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தக் காயைத் தின்ற அறிஞர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி அது என்று கேட்டபோது, இளைஞர்கள் முதலில் சொல்லத் தயங்கினர். அது குலத்துக்குள் காக்கப்பட்ட அறிவு. பின்பு காட்டினார்கள். மலையாளத்தில் ஆரோக்கியப் பச்சை என்று வழங்கும் செடி அது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனம் பத்து இலட்சம் ரூபாய் கொடுத்து, ஏழாண்டுக் காலத்துக்கு அதைச் செய்து விற்கும் உரிமை பெற்றது. அந்தத் தொகையிலும், விற்பனையில் வரும் இரண்டு விழுக்காட்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற 1997-இல் அவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். பழங்குடி ஒன்றின் அறிவுக்கு விலை மதித்துப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகெங்கும் இதை எடுத்துக்காட்டினார்கள்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. இலையைக் காட்டிலிருந்து பறிக்க வனத்துறையின் தடை குறுக்கே நின்றது. காணிகளுக்குள்ளேயே, தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று வருந்திய ஊர்கள் இருந்தன. ஆனால் ஒரு செய்தி நிலைத்துவிட்டது. காட்டில் கிடைத்ததெல்லாம் கண்டவனுக்கு என்ற பழைய கணக்கு இங்கே மாறியது. வந்தவன் கேட்டான்; இருந்தவன் கொடுத்தான்; கொடுத்ததற்கு வந்தவன் கடன்பட்டான்.

காணி என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் அது நிலத்தைக் குறிக்கும்; வழிவழி வந்த நில உரிமையைக் காணியாட்சி என்போம். காணிக்காரர் என்ற குலப்பெயருக்கு நிலத்துக்கு உரியவர் என்பதே பொருள் என்று ஆய்ந்தோர் எழுதியிருக்கின்றனர். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சில், மலைக்கு வெளியே உள்ள நாம் எல்லாரும், திருநெல்வேலிக்காரரும் திருவனந்தபுரத்துக்காரரும் ஒருங்கே, நாட்டிலிருந்து வந்தவர்கள்.

காலை வெயில் ஏறிய வேளையில் பொங்கலப்பாறையை அடைந்தோம். அகன்ற பாறை, அதன்மேல் தெளிந்த நீர் வழிந்தோடுகிறது. முன்பெல்லாம் தமிழகத்திலிருந்து வந்த அடியார்கள் இங்கே பொங்கலிட்டு வழிபடுவார்களாம். அதனால் இந்தப் பெயர். பெரியவர் தம் அரிசிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். தண்ணீரை இரு கையாலும் அள்ளிக் குடித்தார்.

தண்ணீரைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இந்த மலைத்தொகுதியின் கிழக்குச் சரிவில், பூங்குளம் என்ற சுனையிலிருந்து தாமிரபருணி பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களை ஊட்டிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. மேற்குச் சரிவில் பிறப்பவை கரமனையாறும் நெய்யாறும். முதல் நாள் நாங்கள் கால் நனைத்துக் கடந்த கரமனையாறுதான் பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் தேக்கப்பட்டுத் திருவனந்தபுரத்தின் வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது 1933-இல். நகரத்தில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதி ஒன்றுக்கும் கரமனை என்றே பெயர். நெய்யாற்றில் அணை கட்டியபோது, அதன் இடதுகரைக் கால்வாய் தமிழகத்தின் விளவங்கோடு வட்டத்து நிலங்களுக்கும் நீர் கொடுத்தது. 2004-இல் அது நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மலை இரு பக்கமும் ஒரே மாதிரி சுரக்கிறது. கணக்கு வழக்கெல்லாம் அடிவாரத்தில்தான் ஆரம்பமாகிறது.

பொங்கலப்பாறைக்கு மேலே காடு குட்டையாகிவிடுகிறது. ஓயாத காற்றில் மரங்கள் முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்து நிற்கின்றன. பின்பு வெறும் பாறை. மூன்று இடங்களில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். முதற் கயிற்றுக்குக் கீழே வழிகாட்டி நின்றார். தம் செருப்பைக் கழற்றி ஒரு புதரடியில் வைத்தார். கையை மார்பில் சேர்த்து ஏதோ முணுமுணுத்தார். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டார்.

“ஏறட்டுமா என்று கேட்டேன், ஐயா. எங்கள் அப்பனும் கேட்டுத்தான் ஏறுவார்” என்றார் வழிகாட்டி.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு குனிந்து தம் செருப்பின் வாரை அவிழ்த்தார்.

எங்கள் குழுவில் பெண்கள் இருவர் இருந்தனர். சில ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருக்காது. இந்த உச்சிக்குப் பெண்கள் ஏற வழக்கமும் அனுமதியும் இல்லாதிருந்தன. பெண்கள் அமைப்புகள் வழக்காட, 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மலையேற்றத்துக்கு ஆண் பெண் என்ற வேறுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், மத்திய அரசின் தகவல் பணி அதிகாரியான தன்யா சனல் தீர்ப்புக்குப் பின் உச்சியை அடைந்த முதற் பெண்மணி ஆனார். அவர் புறப்பட்ட நாளில் போணக்காட்டில் காணி மக்கள் கூடி, ஆணும் பெண்ணுமாக, தம் மனவருத்தத்தை அமைதியாகத் தெரிவித்தனர். எவரையும் தடுக்கவில்லை. தங்கள் அகத்தியர் பிரமசாரி என்பது அவர்கள் நம்பிக்கை. நூல்வழி வந்த அகத்தியருக்கோ லோபாமுத்திரை என்ற மனைவி உண்டு. ஒரே பெயரில் இரண்டு முனிவர்கள். எவர் உண்மையானவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

எங்கள் வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “எங்கள் மூத்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. கோர்ட்டு சொல்லிற்று, கேட்டுக்கொண்டோம். மலைக்கு வந்தவரைப் பத்திரமாக இறக்கிவிடுவது என் வேலை” என்றார். சொன்னபடியே இரண்டாம் கயிற்றில், கால் வழுக்கிய ஒரு பெண்ணின் பாதத்துக்குக் கீழே தம் உள்ளங்கையை வைத்துத் தாங்கினார். மனத்தில் வருத்தம் இருக்க, கையில் அது இறங்காமல் பார்த்துக்கொண்ட அந்த மனிதரை எளிதில் மறக்க முடியாது. அந்தப் பெண்களும் உச்சியில் சிலையருகே ஆரவாரம் செய்யாமல், சற்று விலகி நின்றே கைகூப்பினர். அவர்களை அப்படிச் செய்யச் சொன்னவர் எவரும் இல்லை.

உச்சி பெரிய இடம் அன்று. காற்று ஆளைத் தள்ளுகிறது. நடுவில் அகத்தியர் சிலை. இத்தகைய இடத்தில் ஒரு விஞ்ஞானக்கூடம் இருந்தது என்றால் நம்புவது கடினம். 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852-இல் தலைவராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்த விசை நகரத்திலும் மலை உயரத்திலும் எவ்வாறு மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி, 1855-இல் அவர் இந்த மலைமேல் ஒரு காந்த ஆய்வகம் அமைத்தார். கருவிகளையும் மரச்சட்டங்களையும் மனிதர் தோளில் சுமந்து ஏற்றினார்கள். மழையிலும் குளிரிலும் உள்நாட்டு உதவியாளர்கள் இங்கே தங்கி, காந்த ஊசியின் அசைவை நாள் தவறாமல் குறித்தனர். அந்தக் கணக்குகள் 1874-இல் புத்தகமாக வந்தன. அட்டைப்பக்கத்தில் பிரௌன் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களையும் வழி காட்டியவர்களையும் உலகம் அறியாது.

நாங்கள் நின்றபோது கிழக்குப் பக்கம் முழுதும் மேகம். தமிழகத்து மலைகளோ அணைகளோ ஒன்றும் தெரியவில்லை. மேற்கே மட்டும் வெளிச்சமாக இருந்தது. கீழே, பச்சைக்கு நடுவில், பேப்பாறையின் நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. பெரியவர் கிழக்கு நோக்கி நெடுநேரம் நின்றார். மேகம் விலகவில்லை. திரும்பிச் சிலைக்கு முன் வந்து, கற்பூரம் இல்லாமல், மணி இல்லாமல், கைகளை மட்டும் கூப்பி வணங்கினார். பின்பு மேற்கே பார்த்து, “அது எந்தத் தண்ணி?” என்று வழிகாட்டியைக் கேட்டார்.

“கரமனையாறு, ஐயா. திருவனந்தபுரத்துக்குப் போகிறது.”

“என் ஆத்தைப் பாக்க முடியலை, இதையாவது பாத்தேனே. அங்கயும் பிள்ளைகுட்டிதானே குடிக்குது. நல்லா இருக்கட்டும்” என்றார் பெரியவர்.

நேயர்களே, முந்தின இரவு உரிமையைப் பற்றிக் கேட்ட அதே வாய்தான் இதையும் சொன்னது. நடுவில் அவரோடு எவரும் வாதாடவில்லை. சட்டத்தை எடுத்துக் காட்டவில்லை. ஏறட்டுமா என்று ஒருவர் கேட்பதை அவர் கண்டார், அவ்வளவுதான். மலைக்கு மிகப் பழைய உரிமையாளர் யாரோ அவரே கேட்டுக்கொண்டு ஏறும்போது, நேற்று வந்த நமக்குச் சீட்டு வாங்குவதில் என்ன குறைவு?

பொதிகை நம்முடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நம்முடையது என்பதற்குப் பிறருடையது அன்று என்று பொருள் கொண்டால், அந்தச் சொல்லே நம்மைக் குறுகச் செய்துவிடும். நம் பாட்டில் இருப்பதால் நம்முடையது. மலையாளியின் குழாயில் வருவதால் அவனுடையது. காணியின் பாட்டன் புதைந்திருப்பதால் அவனுடையது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இத்தனை பேருக்கும் உரிய ஒன்றை, கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆளுக்கொரு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. நூறு பேர் என்ற கணக்கும், கற்பூரத் தடையும், ஆண்டில் பல மாதங்கள் அடைத்திருக்கும் வழியும் அந்தக் கட்டுப்பாட்டின் உருவங்கள்தாம். அவை குறைவற்றவை அல்ல, இன்னும் திருந்தலாம். முக்கியமாக, அவற்றை வகுக்கும் இடத்தில் காணி மக்களுக்கும் ஓர் ஆசனம் வேண்டும். வழிகாட்டும் வேலை மட்டும் கொடுத்து, வழி வகுக்கும் வேலையில் அவர்களைக் கேளாதிருப்பது, காயை வாங்கித் தின்றுவிட்டுச் செடியின் பெயரைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதைப் போன்றது.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். மாலை நான்கு மணிக்கு முகாமுக்குத் திரும்பினோம். பெரியவர் தம் பச்சரிசியையும் வெல்லத்தையும் முகாமின் அடுக்களையில் கொடுத்தார். அன்று இரவு கஞ்சிக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. வனத்துறைக் காவலரும் வழிகாட்டிகளும் எங்களோடு அமர்ந்து உண்டனர். அனுமதிக்கப்பட்ட அடுப்பில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் பொங்கிய அந்தப் பொங்கலுக்குச் சுவை ஒன்றும் குறையவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பயன் உண்டென்று நினைக்கிறேன். நாம் வாழும் ஊரின் அருகே அங்கங்கே ஒரு மலையோ காடோ ஆறோ இருக்கும். மும்பையில் இருப்பவருக்குப் போரிவலிக்காடு. அஸ்ஸாமில் இருப்பவருக்குக் காசிரங்கா. விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வருகிறோம். அடுத்த முறை போகும்போது, அந்த இடத்தை அங்கேயே வாழ்கிறவர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்றும் கேளுங்கள். பல பெயர்களின் பொருள் தமிழ்க் காதுக்கு எட்டாமல் போகலாம். சில, அதிருமலையைப் போல், தவறாக எட்டலாம். கேட்டால் சொல்லுவார்கள். அவர்கள் எதையாவது சொல்லத் தயங்கிச் சிரித்தால், அதையும் மதித்துக்கொண்டு நடங்கள்.